வெள்ளைக்கு நீலம்

பனி என்ன நிறம்? கேட்டால் எல்லோரும் "வெள்ளை" என்றுதான் சொல்வோம். ஆத்தூர்க்காரன் நான், பனிமலையை சினிமாவில்தான் பார்த்திருக்கிறேன். நிக்கோலஸ் ரோரிக்கின் இமயமலை ஓவியங்களைப் பார்த்த பிறகு அப்படிச் சட்டென்று சொல்ல முடியவில்லை.

ரோரிக் ஒரு ரஷ்யர். 1874-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். 1928-ல் குலு பள்ளத்தாக்கில் உள்ள நக்கரில் குடியேறி, 1947 டிசம்பரில் அங்கேயே காலமானார். மலையை அப்படியே போட்டோ மாதிரி காட்டுவது அவர் நோக்கம் இல்லை. மனுஷன் ஏற வேண்டிய உயரத்துக்கு மலை ஒரு குறியீடு, அவ்வளவுதான். பல படங்களில் அடிவாரத்தில் ஒரே ஒரு சின்ன உருவம் இருக்கும்.

சரி, நிறத்துக்கு வருவோம். அந்தப் பனியில் சுத்த வெள்ளை ரொம்பக் குறைவு. வெயில் படும் உச்சியில் ஒரு கீற்று இருக்கும், சில படங்களில் அதுவும் ரோஸ். மற்றபடி நீலம், ஊதா. பனியின் நிழலில் வெயில் படாது, வானத்து வெளிச்சம்தான் விழும். அதனால் நிழல் நீலம். அந்த நீலம் பக்கத்தில் இருப்பதால்தான் வெள்ளை பளிச்சென்று தெரிகிறது. நம் வீட்டில் வேட்டிக்கு சொட்டு நீலம் போடுகிற அதே கணக்கு! :-)

அடுத்து தூரிகை. அவர் பெரும்பாலும் டெம்பரா வர்ணத்தில் வரைந்தார். எண்ணெய் வர்ணம் போல இழுத்துக் குழைக்க நேரம் தராது, சீக்கிரம் காய்ந்துவிடும். பளபளப்பும் இருக்காது, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. அதனால் ஒவ்வொரு நிறமும் தனித்தனிப் பட்டையாக, ஓரம் வெட்டினாற்போல நிற்கும். நம்ம கல்வராயன் மலை தூரத்தில் புகைபோல் கரைந்து தெரியும். அங்கே காற்று மெலிசு, தூசி குறைவு. தூரத்துச் சிகரமும் கூர்மையாகவே தெரியும். ஆகவே அந்த வெட்டு ஓரத்தில் கற்பனை பாதி என்றால் நிஜமும் பாதி.

"பி.காம். படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்குடா?" என்கிறான் நண்பன். 1972-ம் வருடச் சட்டப்படி ரோரிக்கின் ஓவியங்கள் தேசியக் கலைக்கருவூலம், ஏற்றுமதி செய்ய முடியாது என்று நம் பாடத்திலேயே பதில் சொல்லலாம். ஆனால் என் பதில் வேறு. விலை போட முடியாத ஒன்றைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்கப் பழகுவதும் படிப்புதான். பச்சை என்று நாம் பேர் வைத்த கல்வராயன், சாயங்காலம் என்ன நிறத்தில் நிற்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

பெங்களூரு போனால் சித்ரகலா பரிஷத்தில் ரோரிக் ஓவியங்களை நேரிலேயே பார்க்கலாம். முதலில் கிட்டே நின்று பட்டைகளைப் பாருங்கள். பிறகு பத்தடி பின்னால் வாருங்கள், மலை தெரியும்.