மூன்றாவது முடக்கு

அம்மாவுக்கு 83 வயது. கண்ணுக்குக் கண்ணாடி வந்துவிட்டது, காதுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. லயத்து வாசலில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருப்பாள். கீழே மூன்றாவது முடக்கில் ஏதோ ஒரு வண்டி ஏறும். அவள் கை நின்றுவிடும். ஒரு மூச்சு நேரம்தான். "ஆட்டோ" என்பாள். கை மறுபடி ஓடும். வேன் என்றால் "வேனு." கொழுந்து லொறி என்றால் சொல்வதுகூட இல்லை. வேலையை விட்டு 25 வருடத்துக்கு மேல் ஆகிறது. இனி யாரும் வந்து அவளை ஏசப்போவதில்லை. கைக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

அந்தக் கை காத்திருப்பது ஜீப்புக்காக.

அட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகிற பக்கம் எங்கள் தோட்டம். மலையில் பொம்பளைகள் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது கீழே அந்த உறுமல் கேட்டால் போதும், "ஜீப்பு, ஜீப்பு" என்று ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்குச் சத்தமில்லாமல் சேதி ஓடும். இடுப்புப் படங்கு இறுகும். பேச்சு அறுந்துபோகும். அதுவரை வெற்றிலை மென்றுகொண்டிருந்த கங்காணிக்குத் திடீரென்று தொண்டை திறக்கும். வண்டி ரோட்டில் நிற்கும், எஞ்சினை நிறுத்த மாட்டார்கள். பெரிய துரை இறங்கி வந்து யாராவது ஒருத்தியின் கூடைக்குள் இரண்டு விரலை விட்டுக் கிளறுவார். முத்தல் இலை கூடிப்போயிருந்தால் அன்றைக்கு அரைப்பேர், பாதி நாள் கூலிதான்.

துரை கிளறுகிற நேரமெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பொனட்டையே பார்த்தபடி ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் என் அப்பா. நிரையில் நிற்பவர்களில் ஒருத்தி என் அம்மா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்பா ஜீப் ஓட்டினார் என்று சொன்னால் எந்த ஜீப் என்று யாரும் கேட்பதில்லை. உண்மையில் அவர் மூன்று ஓட்டினார். முதலாவது வில்லிஸ். அடுத்தது லேண்ட் ரோவர். கடைசியில் மிட்சுபிஷி. தோட்டத்துக்கு மூன்றும் ஜீப். "லேண்ட் ரோவர் ஜீப்பு" என்று எங்கள் ஆட்கள் சொல்வதைக் கேட்டு ஒரு சின்ன துரை சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் சிரிக்க அவருக்குத்தான் உரிமை இல்லை. 1947இல் ரோவர் கம்பெனியின் மோரிஸ் வில்க்ஸ் என்பவர் ஆங்கிள்சி தீவில் இருந்த தன் பண்ணையில் ஒரு பழைய பட்டாளத்து வில்லிஸை வைத்து மாரடித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பதிலாக நாமே ஒன்று செய்தால் என்ன என்று தோன்றியதில் பிறந்ததுதான் லேண்ட் ரோவர். முதல் மாதிரி வண்டியையே ஜீப்பின் சட்டத்தின் மேல்தான் கட்டினார்கள். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில் காட்சிக்கு வைத்தார்கள். மிட்சுபிஷிக்காரர்கள் ஒளிவுமறைவு இல்லாதவர்கள். 1953இல் வில்லிஸிடம் உரிமம் வாங்கி, ஜீப் என்ற பெயரோடேயே 1998 வரை செய்தார்கள். ஆக, லயத்து ஆட்கள் சொன்னதில் பெரிய பிழை ஒன்றும் இல்லை.

வில்லிஸைத்தான் நான் நெருங்கிப் பார்த்திருக்கிறேன். லேண்ட் ரோவர் வந்ததும் அதைக் கொண்டுபோய் ஸ்டோருக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் பிள்ளைகள் அதற்குள்தான் வளர்ந்தோம். ஸ்டியரிங் இடது பக்கம். அமெரிக்கப் பட்டாளத்துக்காகச் செய்தது, வலம் இடம் மாற்ற யாருக்கு நேரம் இருந்தது? அப்பாவுக்கு அது பிடித்தே இருந்தது. பள்ளத்துப் பக்கத்துச் சக்கரம் எங்கே உருளுகிறது என்று தலையை நீட்டி நேரே பார்த்துக்கொள்ளலாமாம். டிரைவர் சீட்டைத் தூக்கினால் கீழே பெற்றோல் தாங்கி. அப்பா அதற்குள் ஒரு குச்சியை விட்டு ஈரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். அந்தக் குச்சி உடைந்த மட்டக்கம்பின் துண்டு. கொழுந்து மட்டம் பார்க்கிற கம்பில் பெற்றோல் மட்டம். முன்பக்கக் கண்ணாடிச் சட்டத்தை அப்படியே பொனட்டின் மேல் சாய்த்துவிடலாம். கியர்க் கம்புக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு குட்டிக் கம்புகள், ஒன்று முன்சக்கரத்துக்கு, ஒன்று லோ கியருக்கு. குட்டிக் கம்புகளை அப்பா எங்களைத் தொடவிடமாட்டார், ஓடாத வண்டியில்கூட.

வண்டியின் ஓரத்தில் மங்கலான வெள்ளை பெயின்றை நகத்தால் சுரண்டினால் அடியில் பட்டாளத்துப் பச்சை வரும். பொனட்டில் வெள்ளை நட்சத்திரம் இருந்திருக்கும் என்று அப்பா சொல்வார். ஒரு மத்தியானம் முழுக்கச் சுரண்டிப் பார்த்தேன். நட்சத்திரம் வரவில்லை, அடிதான் கிடைத்தது.

கண்டியிலிருந்து வந்த வண்டி என்பது தாத்தாவின் கட்சி. அதற்குத் துண்டுச் சீட்டு ஆதாரம்கூட என்னிடம் இல்லை. ஆனால் 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியக் கட்டளைப் பீடத்தை டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார், பேராதனைப் பூங்காவுக்குள் அலுவலகங்கள் முளைத்தன, பிரிட்டிஷ்காரர்களோடு அமெரிக்கர்களும் வந்து இறங்கினார்கள் என்பதெல்லாம் வரலாறு. பிற்காலத்தில் சமையல் புத்தகங்களால் உலகப் புகழ் பெற்ற ஜூலியா சைல்ட் அப்போது கண்டியில் அமெரிக்க உளவுத்துறைக் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கண்டிக்குச் சாமான் வாங்கப் போன தாத்தா கூரையில்லாத சின்ன வண்டியில் தொப்பிக்காரர்கள் காலை வெளியே தொங்கப்போட்டுக்கொண்டு போவதைப் பார்த்து, "கதவு வைக்க மறந்துட்டானுக" என்று சொன்னாராம்.

மறக்கவில்லை. கதவு வைக்க நாள் இல்லை. 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டது: 49 நாளில் மாதிரி வண்டி வேண்டும். அவ்வளவு பெரிய நாட்டில் அதற்குத் துணிந்தது பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த அமெரிக்கன் பாண்டம் என்ற சின்னக் கம்பெனி. கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியியலாளரைக் கூப்பிட்டு வரைபடம் போடவைத்து, செப்டம்பர் 23ஆம் திகதி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வண்டி நன்றாக ஓடியது. நன்றாக ஓடியதுதான் வினை. இந்தச் சின்னக் கம்பெனியால் வேண்டிய அளவுக்குச் செய்ய முடியாது என்று நினைத்த ராணுவம் வரைபடத்தை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டிவிட்டது. வில்லிஸிடம் 60 குதிரைத்திறன் உள்ள நல்ல எஞ்சின் இருந்தது. பெரிய கொந்தராத்து அங்கே போயிற்று. போர் முடிவதற்குள் எல்லோருமாக 6 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல் செய்தார்கள். அதில் பாண்டம் செய்தது 2,700க்குக் கிட்ட. பிறகு பாண்டம் ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கிற டிரெயிலர் செய்தது.

தாங்கள்தான் ஜீப்பைப் படைத்தோம் என்று வில்லிஸ் விளம்பரம் போட்டபோது அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்கு வைத்து, அப்படிச் சொல்லக்கூடாது என்று 1948இல் தீர்த்தது. 1950இல் ஜீப் என்ற பெயர் என்னவோ வில்லிஸுக்கே பதிவானது. வேலை ஒருத்தருக்கு, பெயர் ஒருத்தருக்கு. இதை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதிலும் சண்டை. ராணுவத்துக் குறியீட்டெழுத்துகள் மருவியது என்கிறார்கள். 1936இல் பாப்பாய் சித்திரக் கதையில் வந்த, "ஜீப்" என்ற ஒரே சொல்லை மட்டும் பேசத் தெரிந்த விசித்திரப் பிராணியின் பெயர் என்கிறார்கள். இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கும். மூன்றாவது முடக்கில் அது அந்த ஒரே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டு ஏறியது.

ஒரு ராத்திரி. எனக்கு ஏழு வயது இருக்கும். நல்ல மழை. துரையைக் கிளப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வந்த வில்லிஸ் எங்கள் லயத்துக்குக் கீழேயே நின்றுபோனது. எங்களுக்கு அப்போது கரண்ட் இல்லை, குப்பி லாம்புதான். கதவிடுக்கில் பார்க்கிறேன். அப்பா இறங்கி, இரண்டு பக்கமும் கொக்கியை எடுத்துப் பொனட்டைத் தூக்கினார். முன்விளக்குக்குப் பின்னால் கையை விட்டு ஒரு மறையைத் திருகினார். ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த விளக்கு அப்படியே கழுத்தைத் திருப்பி எஞ்சினுக்குள் பார்த்தது! வில்லிஸில் அப்படி ஓர் ஏற்பாடு, இருட்டில் பழுது பார்க்கிற பட்டாளத்துக்காரனுக்காகச் செய்தது. கீழேயிருந்து வெளிச்சம் அடித்ததில் அப்பாவின் முகம் காமன் கூத்தில் வேசம் கட்டியவரின் முகம் மாதிரி ஆகிவிட்டது. சட்டையின் உள்விளிம்பை வெளியே இழுத்து, ஒரு மூடியைக் கழற்றித் துடைத்தார். படங்குக் கூரைக்குள்ளிருந்து துரையின் சுருட்டுப் புகை வந்தது. துரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. வண்டி கிளம்பியபோது அம்மா என் பின்னால் நின்றிருந்தாள். "தலையைத் துடைக்காம வண்டியைத் துடைக்கிறாரு பாரு" என்றாள்.

லேண்ட் ரோவர் காலத்தில் அத்தைக்குப் பிள்ளை வலி வந்தது. அண்ணன் ஓட்டுகிற ஜீப் பங்களா வாசலில் நின்றது, தங்கச்சி கொழுந்து லொறியில் சாக்கு விரித்துப் போனாள். சாவி அப்பாவின் காற்சட்டைப் பையில் இருந்தது. அவர் கேட்கவே இல்லை என்று அம்மா சொல்வாள். கேட்டேன் என்று அவர் சொல்வார். எது உண்மை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே, கடைசி முடக்கில், பையன் பிறந்துவிட்டான். அவனுக்கு வைத்த பெயர் வேறு, நாங்கள் கூப்பிட்டது லொறிக்காரன்.

1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். 1974இல் அத்தை குடும்பமும் தலைமன்னாரில் கப்பல் ஏறியது. மண்டபம் முகாம், பிறகு நீலகிரி, அரசாங்கத் தேயிலைத் தோட்டம். 1998இல் கூடலூருக்குப் போனேன். பஸ் நிலையத்தில் ஒருத்தன் "மச்சான்" என்று கட்டிப்பிடித்தான். லொறிக்காரன். பின்னால் நின்றது அவனுடைய மஹிந்திரா. தோட்டத்து ஆட்களை ஏற்றி இறக்கும் வாடகை ஜீப். 14 பேரை ஏற்றினான், இரண்டு பேர் பின்னால் தொங்கினார்கள், ஒரு கோழியும் ஒரு பிரசவித்த பெண்ணும் முன் சீட்டில். துரை இல்லாத ஜீப்பை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். கியர் மாற்றும்போது கேட்ட அந்த முனகலில் எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது.

மஹிந்திராவும் வில்லிஸின் வாரிசுதான். 1947க்குப் பிறகு வில்லிஸை உதிரியாக இறக்கி, 1949இல் பம்பாயில் பூட்டத் தொடங்கினார்கள். 70 வருடம் கழித்து அதே பெட்டி உருவத்தில் ரொக்ஸர் என்று ஒன்றை அமெரிக்காவுக்கே கொண்டுபோனபோது, எங்கள் முகத்தைத் திருடிவிட்டார்கள் என்று ஜீப்பின் சொந்தக்காரர்கள் வழக்குப் போட்டு 2020இல் வென்றார்கள். யார் அந்தச் சொந்தக்காரர்கள்? 1953இல் கைசர், 1970இல் அமெரிக்கன் மோட்டர்ஸ், 1987இல் கிரைஸ்லர், அப்புறம் ஜெர்மன்காரர்கள், இத்தாலிக்காரர்கள், 2021 முதல் ஸ்டெலாண்டிஸ். எங்கள் தோட்டமும் அப்படித்தான் கைமாறியது. வெள்ளைக்காரக் கம்பெனி, 1975இல் அரசாங்கம், 1992இல் மறுபடி கம்பெனி. போர்டு மாறும், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு அதே நேரத்துக்குத்தான்.

1980 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று ஜீப் சிஜே-5 வளைவில் குடைசாய்கிறது என்று படம் பிடித்துக் காட்டி, ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. இதைப் பிற்காலத்தில் படித்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன். "இதுக்கு டீவி எதுக்கு?" என்றார். வில்லிஸின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 80 அங்குலம்தான். அதனால்தான் எந்த முடக்கிலும் ஒரே வெட்டில் திரும்பும். "ஏறச் சொன்னா ஏறும், எறங்கச் சொன்னா எறங்கும். சாஞ்சிருச்சின்னா நாம சொல்றத கேக்காது."

அதே நாளில்தான் இன்னொன்றும் சொன்னார். நான் மிட்சுபிஷியின் சத்தத்தைப் பற்றி ஏதோ குறை சொன்னேன். மூன்றாவது முடக்கில் அது ஏன் அப்படிக் கத்தியது, எஞ்சின் சரியில்லையா என்று. அப்பா சிரித்தார். எஞ்சினுக்கு ஒன்றுமில்லையாம். அந்த முடக்கை மூன்றாவது கியரிலேயே ஏறலாமாம். மூன்று வண்டியையும், முப்பது வருடமும், வேண்டுமென்றே இரண்டாவதிலேயே வைத்து இழுத்தாராம். ஒருமுறை துரை, "டிரைவர், கியரை மாத்து" என்று எரிந்து விழுந்திருக்கிறார். "செங்குத்துங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அப்படியே ஏற்றினாராம்.

"ஹோன் அடிச்சா துரைக்குத் தெரிஞ்சிரும்ல" என்றார்.

போன ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்குப் போனேன். கிறகரி வாவிப் பக்கம், குதிரைகளுக்கும் சோளம் விற்பவர்களுக்கும் நடுவே, யாரோ ஒருவர் பழைய வில்லிஸ் ஒன்றைப் புதுப்பித்து நிறுத்தியிருந்தார். பட்டாளத்துப் பச்சை. பொனட்டில் வெள்ளை நட்சத்திரம். முன் முகத்து இடைவெளிகளை எண்ணினேன், ஒன்பது. இன்றைய ஜீப்புக்கு ஏழுதான், பட்டாளத்து வண்டிக்கு ஒன்பது. அந்தத் தகட்டு முகத்தை முதலில் வடிவமைத்ததுகூட வில்லிஸ் இல்லை, ஃபோர்ட். பக்கத்தில் நின்ற பையன் அப்பனிடம் அங்கே நின்ற பஜிரோவைக் காட்டி "அந்த ஜீப்பு பெருசு" என்றான்.

ஃபோனில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டு வந்து அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். விரலால் பெரிதாக்கிக் கொடுத்தேன். நம்ம பழைய ஜீப் மாதிரியே இல்லையா என்று கேட்டேன்.

"படத்தப் பாத்து என்னாத்த சொல்றது" என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். "முடக்குல ஏத்திக் காட்டு. சத்தம் கேட்டாச் சொல்றேன்."