‘எனக்கு ஒண்ணுமில்ல’ என்பவனை நம்பாதே

இருபதாயிரம் அடி உயரத்தில் ஒருவன் ‘எனக்கு ஒண்ணுமில்ல’ என்று சொன்னால் அதை நம்பக் கூடாது. சியாச்சினில் காவல் இருந்தவர்கள் எல்லோரும் முதலில் படித்த பாடம் இதுதான். குளிர் வந்தால் உடம்பு உடனே சொல்லிவிடும். மூச்சுக்காற்றில் பிராணவாயு குறைந்தால் சொல்லாது. 18,000 அடியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு, மெரினா கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ பாதி. அந்தக் குறைவில் மூளை மெல்ல மங்கும். மங்குகிறது என்பது மங்குகிறவனுக்கு மட்டும் தெரியாது.

இப்போது நான் கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் பார்க்கிறேன். சொந்த ஊர் பல்லாவரம். மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து வெலிங்டனில் பயிற்சி எடுத்தபோது, நீலகிரியின் காலைப்பனிக்கே பல் தந்தியடித்தது. சியாச்சினுக்கு மேலே போனது 2003 நவம்பரில் போர்நிறுத்தம் வந்த பிறகு. பீரங்கிச் சத்தம் ஓய்ந்திருந்தது. ஆனால் 1984 ஏப்ரலில் நம் ராணுவம் சால்டோரோ மலைமுகட்டில் ஏறியதிலிருந்தே, தோட்டாவுக்குப் பலியானவர்களைவிட மலைக்கும் பருவநிலைக்கும் பலியானவர்கள்தான் அங்கே அதிகம்.

மேலே அனுப்புவதற்கு முன் உடம்பைப் பழக்குவார்கள். முதல் கட்டம் ஆறு நாள், அதற்கு மேல் நான்கு நாள், அதற்கும் மேல் நான்கு நாள். நன்றாக ஓடுகிறவன், கபடியில் கெட்டிக்காரன் என்றெல்லாம் சலுகை கிடையாது. சொல்லப்போனால் பலசாலியைப் பார்த்துத்தான் நர்சிங் அசிஸ்டென்ட் அதிகம் பயப்படுவார். அவன்தான் வேகமாக ஏறுவான், தலைவலியை வெளியே சொல்ல மாட்டான்.

போஸ்ட் என்றால் பைபர் குடிசை ஒன்றோ இரண்டோ, உள்ளே சில பேர், நடுவில் புகாரி என்கிற மண்ணெண்ணெய் அடுப்பு, அவ்வளவுதான். அங்கே செய்யும் வேலைகளைக் கேட்டால் வீரக்கதை எதிர்பார்ப்பவர்களுக்குச் சப்பென்று போய்விடும். பனியை வாரி உருக்கித் தண்ணீர் ஆக்க வேண்டும். கூரையில் சேரும் பனியை மண்வெட்டியால் தள்ள வேண்டும். அடுத்த போஸ்டுக்குப் போகும் பாதை மூடிவிடாமல் இருக்க, இடுப்பில் கயிறு கட்டி வரிசையாக நடந்து ‘லிங்க்’ அடித்துவிட்டு வர வேண்டும். துப்பாக்கியைக் கதகதப்பான குடிசைக்குள் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் இரும்பில் நீர் பூக்கும். வெளியே எடுத்துப் போனதும் அது உறைந்து துப்பாக்கியை இறுக்கிவிடும். வியர்க்கவும் கூடாது. மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்பே ஒரு சட்டையைக் கழற்றிவிட வேண்டும். நனைந்த பனியன் நின்ற நிமிடமே உறையத் தொடங்கும். வியர்வையோடு பிறந்து வளர்ந்த சென்னைக்காரனுக்கு இது எளிதில் பிடிபடாது.

இந்த வேலைகளுக்கு அடியில் இன்னொரு வேலை ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்தவனைக் கவனிப்பது.

சாயங்காலம் பூட்ஸைக் கழற்றி, ஜோடிக்காரனின் கால்விரல்களை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வலிக்கிறது என்று அவன் சொன்னால் நிம்மதி. வலி நின்றுவிட்டது என்றால்தான் கவலை. விரல்நுனி மெழுகுபோல் வெளுத்திருந்தால் அதைத் தேய்க்கக் கூடாது, புகாரி அருகிலும் காட்டக் கூடாது. உணர்ச்சியற்ற தோல் வெந்தாலும் அவனுக்குத் தெரியாது. அந்தக் காலை அப்படியே தூக்கி நம் சட்டைக்குள் வயிற்றோடு அணைத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்தவன் காலை அப்படி வைத்துக்கொண்டு எதைப் பற்றியாவது பேசிக்கொண்டிருப்போம்.

சமைப்பவருக்கும் இதில் பங்கு உண்டு. அந்த உயரத்தில் தண்ணீர் 80 டிகிரிக்குச் சற்று மேலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அரிசி வேகாது. குக்கரில் வைத்து, சாம்பார் என்று ஒன்றைக் காட்டி அவர் பரிமாறினாலும் பசி இருக்காது. யார் தட்டில் எவ்வளவு மிச்சம் என்பதை அவர் பார்த்து வைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே ஹவில்தாரிடம் போய்ச் சொல்வார். ராத்திரி ஒருவன் கட்டாயம் விழித்திருக்க வேண்டும். புகைபோக்கியைப் பனி அடைத்துவிட்டால் புகாரியின் விஷவாயு தூங்குகிறவர்களை எழுப்பாமலே முடித்துவிடும்.

கல்யாணமாகாதவர்களோடு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நானும் அன்று அந்தக் கூட்டம்தான். நடுராத்திரி சென்ட்ரி முறை வந்தால், “அண்ணே, உங்களுக்குப் பிள்ளைகுட்டி இருக்கு, நான் நிக்கிறேன்” என்று பையன்கள் முந்திக்கொள்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். எங்கள் ஹவில்தார் ஒருநாளும் அனுமதித்ததில்லை. “டூட்டி லிஸ்ட்ல பேருதான்டா போட்டிருக்கு, குடும்பம் போடல” என்பார்.

அவர் கணக்கு வேறு. இரண்டு முறை சேர்த்து நிற்பவன் களைப்பை மறைப்பான். களைப்பை மறைத்தவன் இருமலையும் மறைப்பான். நுரையீரலில் நீர் கோக்கும் ஹேப்போ வறட்டு இருமலில்தான் தொடங்கும். விட்டால் இளஞ்சிவப்பு நுரையாக வரும். அதற்குச் சரியான மருந்து கீழே இறக்குவது. சீட்டா ஹெலிகாப்டர் வர வானம் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் பனிப்பிளவுகளைத் தாண்டி அவனை மற்றவர்கள்தான் சுமந்து இறங்க வேண்டும். தனக்காக அழ ஆளில்லை என்று நினைத்துக்கொண்டு வாயை மூடியிருப்பவன், போஸ்டில் உள்ள அத்தனை பேர் உயிரையும் பணயம் வைக்கிறான். உன் உடம்பு உன் சொத்து இல்லை என்று அவர் திட்டுவது இதனால்தான்.

மூளையைச் சோதிக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. கோடு போட்டு, குதிகாலும் பெருவிரலும் ஒட்ட நடக்கச் சொல்வது எல்லோருக்கும் தெரிந்தது. இவர் அதோடு வாயையும் சோதிப்பார். சின்ன வயதில் மனப்பாடமான ஏதாவது ஒன்றை ஒவ்வொருவனிடமும் கேட்டு வைத்திருந்தார். எனக்கு ரயில்.

“ஏய் பல்லாவரம், கிண்டியிலேருந்து சொல்லு.”

“பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம், சார்.”

தஞ்சாவூர்ப் பையனுக்கு அவன் ஊர் வாய்க்கால்கள். இன்னொருவனுக்கு அக்கா பிள்ளைகளின் பெயர்கள். ஒருநாள் அந்த அக்கா பிள்ளைகளில் ஒருவன் பெயர் விட்டுப்போனது. திரும்பக் கேட்டதற்குப் பையனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “எனக்கு ஒண்ணுமில்ல சார்” என்றான். ஹவில்தார் மேற்கொண்டு பேசவில்லை, நேராக வயர்லெஸ்ஸை எடுத்தார். அன்று வானம் திறந்திருந்தது. பையன் இறங்கினான், பிழைத்தான்.

இந்தத் தொழில் எல்லாவற்றையும் காப்பாற்றும் என்று சொல்ல மாட்டேன். 2016 பிப்ரவரி 3 அன்று, 19,600 அடி உயரத்து சோனம் போஸ்டைப் பனிச்சரிவு மூடியது. எங்கள் ரெஜிமெண்டின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் உள்ளே இருந்தார்கள். நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். தோண்டியவர்கள் விடவில்லை, ஆறாவது நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள். 11-ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் அவரும் போனார். மலையே விழும்போது விரலைப் பார்த்து என்ன, தட்டைப் பார்த்து என்ன. பழுது அந்தப் பத்துப் பேரிடமும் இல்லை.

கிண்டிக்கு வந்தபின் குளிரோடு எனக்கு வேலையில்லை. ஆனால் மே மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே சரக்கு இறக்கும் பையன்களைப் பார்க்கும்போது கண் பழைய வேலையைத் தொடங்கிவிடுகிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரே அறையில் பலர் தங்கியிருப்பார்கள். பெரும்பாலும் கல்யாணமாகாதவர்கள். வெயில் தாக்கும்போதும் முதலில் குழம்புவது பேச்சுதான். காரணமில்லாமல் கோபம் வரும். கேட்டால் “டீக் ஹை, சாச்சா” என்பார்கள்.

அதனால் நான் அப்படிக் கேட்பதில்லை. பாட்னாவிலிருந்து உன் ஊருக்குப் போகும் வழியில் என்னென்ன ஊர் வரும், சொல்லு என்கிறேன். சரியான விடை எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. நேற்றுச் சொன்ன வேகத்தில் இன்றும் சொல்கிறானா என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். தடுமாறினால் லாரி நிற்கட்டும் என்று சொல்லி, அவனை நிழலில் படுக்கவைத்து மேலெல்லாம் தண்ணீர் ஊற்றி, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்கச் சொல்வேன். சூப்பர்வைசர் முதலில் முறைப்பார். நான் ஏன் இப்படிச் செய்கிறேன் என்று ஒருநாள் விளக்கினேன். இப்போது மதிய வேளையில் அவரே வந்து ஊர்ப்பெயர் கேட்கிறார்.