தண்ணீருக்கு வழிவிடும் வேலை

டாலஸிலிருந்து அமரில்லோவுக்குப் போகும் 287-ஆம் எண் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக வண்டி ஓட்டினாலும் கண்ணில் படுவது பருத்திக் காடு, காற்றாலை, மறுபடியும் பருத்திக் காடு. கோவில்பட்டிக் கரிசலை இஸ்திரி போட்டு விரித்த மாதிரி ஒரே மட்டம். இந்தச் சமவெளிக்குள் ஒரு பெரிய பள்ளத்தாக்கு இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பமாட்டோம். பூங்கா நுழைவாயிலைத் தாண்டி விளிம்பில் நின்றால்தான் பாலோ டூரோ தெரியும். ரெட் ஆற்றின் ஒரு கிளை அறுத்து உண்டாக்கிய பள்ளம் இது. ஆழம் சுமார் 800 அடி, நீளம் சுமார் 120 மைல்.

முன்பும் இங்கே வந்திருக்கிறேன், நம்மவர்கள் வழக்கமாக வருகிற விதத்தில்: இரண்டு வேன், புளியோதரை, லைட்ஹவுஸ் பாறைக்கு முன்னால் குழுப்படம், இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவது. இந்த நவம்பர் வார இறுதியில் வந்தது பாதையைச் செப்பனிட. முகாமிட இடமும் கருவிகளும் ஏற்பாட்டாளர்கள் தருவார்கள். கூடாரம், சாப்பாடு, முதுகுவலி மூன்றும் நம் பொறுப்பு.

வந்திருந்த தொண்டர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். எங்கள் குழுவுக்குத் தலைவி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. முதல் பாடம், கருவியைத் தூக்கிக்கொண்டு நடப்பது. தோளில் வைக்கக் கூடாது. சரிவுப் பக்கத்துக் கையில், தொங்கவிட்டுப் பிடிக்க வேண்டும். சறுக்கினால் கருவியைப் பள்ளத்தில் எறிந்துவிட்டு நாம் மேட்டுப் பக்கம் விழலாம். மண்வெட்டியும் கடப்பாரையும் எனக்குப் பழக்கம். புலாஸ்கி புதிது: ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் கொத்து. 1910-இல் ஐடஹோவில் மூண்ட பெருங்காட்டுத்தீயில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்களைச் சுரங்கத்துக்குள் ஓட்டிப் பெரும்பாலோரைக் காப்பாற்றிய வனக்காவலர் எட் புலாஸ்கியின் பெயர் அதற்கு. எனக்குக் கிடைத்தது மெக்லியோடு, ஒருபுறம் அகலமான களைக்கொத்து, மறுபுறம் இரும்புப் பல். பாதை வேலையில் முக்கால்வாசி இதை வைத்தே நடந்துவிடுகிறது.

பாதையைக் கெடுப்பது மனிதக் கால் என்று நினைத்திருந்தேன். கால் தொடங்கிவைப்பதோடு சரி. மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொள்கிறது. சரிவின் குறுக்கே போகும் பாதை வெளிப்பக்கமாக லேசாகச் சாய்ந்திருந்தால் மழைநீர் குறுக்கே வழிந்து கீழே போய்விடும். கால்களும் சைக்கிள் சக்கரங்களும் நடுவை அழுத்த, வெளி ஓரத்தில் ஒரு சின்ன வரப்பு எழும்புகிறது. அவ்வளவுதான், அப்புறம் பாதையே வாய்க்கால். அடுத்த மழைக்கு அது ஓடை. பாலோ டூரோவின் அடித்தளம் ஏறக்குறைய 25 கோடி ஆண்டுப் பழமையான சிவப்புக் களிப்பாறை, நடுநடுவே வெள்ளை ஜிப்சம் நரம்புகள். காய்ந்தால் கடப்பாரை தெறிக்கும், நனைந்தால் சோப்பு. ஆகவே எங்கள் வேலை அந்த வரப்பை வெட்டி எறிவதும், பாதையை மறுபடி வெளிப்புறம் சாய்ப்பதும், ஆங்காங்கே நீர் வெளியேறத் தாழ்வான வாய்கள் அமைப்பதும்.

கல் படி வைப்பது தனிக் கலை. கல்லின் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பது ஆசிரியையின் சட்டம். குழி வெட்டி, கடப்பாரையால் நெம்பி உருட்டி இறக்கி, பக்கத்தில் சிறு கல்லும் மண்ணும் இடித்து நிரப்பினோம். பிறகு அந்த அம்மாள் அதன்மேல் ஏறி நின்று இடுப்பை ஆட்டுவார். இம்மி அசைந்தாலும் தோண்டு. எங்கள் கல் ஒன்று மூன்று தடவை தோண்டி எடுக்கப்பட்டது. நம்மூரில் சாலைப் பணியை மேற்பார்வையிட இவரைக் கூட்டிப்போகலாம் என்று தோன்றியது.

பிற்பகலில் பாதைமேல் சாய்ந்த செடிகளை வெட்டும் வேலை. என்னோடு வந்த நண்பர் சாயல்குடிக்காரர். கத்தரியை எடுத்து ஒரு கிளையைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். "அண்ணே, இது நம்ம வேலிக்கருவை இல்ல? இதை வெட்டத்தான் இவ்வளவு தூரம் வந்தோமா?" மெஸ்கீட் மரம் நம் சீமைக்கருவேலத்தின் உடன்பிறப்பு, அதே முள், அதே இலை. பக்கத்திலேயே சப்பாத்திக்கள்ளி வேறு. நம்மூரில் தொல்லை கொடுக்கும் இரண்டின் சொந்தங்களும் இங்கே பிறந்த வீட்டில் இருக்கின்றன. டெக்சஸ் பண்ணைக்காரர்களும் மெஸ்கீட்டைச் சபிப்பவர்கள்தான், மேய்ச்சல் நிலத்தைத் தின்கிறது என்று. சபித்துக்கொண்டே அதன் கரியில் இறைச்சி வாட்டுகிறார்கள். ராமநாதபுரத்தில் மூட்டம் போட்டுக் கரி விற்பதும் அதே சமரசம்தானே.

இரவில் நல்ல குளிர். இரும்புச் சட்டியில் பீச் பழமும் மாவும் சேர்த்து, மூடிமேல் கங்கு கொட்டி ஒருவர் இனிப்புச் செய்தார். எங்கள் எலுமிச்சைச் சோறும் காலி. தொலைவில் கயோட்டி நரிகள் ஊளையிட்டன. பேச்சு பழைய பாதைகளுக்குப் போயிற்று. இந்தப் பள்ளத்தாக்கின் வரலாறே யார் எந்த வழியாக இறங்கினார்கள் என்பதுதான். 1874 செப்டம்பர் 28 அன்று அமெரிக்க ராணுவக் கர்னல் மெக்கென்சியின் குதிரைப்படை செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் இறங்கி, கீழே குளிர்காலத்துக்காகத் தங்கியிருந்த கமான்சி, கயோவா, செயென் மக்களைத் தாக்கியது. செத்த மனிதர்கள் சிலரே. பிடித்த குதிரைகளில் ஆயிரத்துக்கும் மேல் மறுநாள் சுட்டுக் கொன்றார்கள். குதிரையும் கூடாரமும் உணவும் இல்லாமல் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது. சரணடைவதைத் தவிர அவர்களுக்கு வழி இல்லாமல் போயிற்று. 1876-இல் கால்நடைப் பண்ணையாளர் சார்லஸ் குட்நைட் வண்டியைக் கழற்றி இறக்கி, மாட்டுமந்தையோடு வந்து பண்ணை போட்டார்.

இன்று நாம் காரில் இறங்கும் சாலை 1930-களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் போடப்பட்டது. வேலையற்ற இளைஞர்களுக்காக அரசு அமைத்த பணிப்படை 1933 முதல் 1937 வரை இங்கே உழைத்தது. வெள்ளையரும் கறுப்பரும் முன்னாள் படைவீரர்களும் இருந்தார்கள். மாதச் சம்பளம் 30 டாலர், இளைஞர்களுடையதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். அவர்கள் கட்டிய கல் வீடுகள் இன்னும் நிற்கின்றன. அந்தப் படை 1942-இல் கலைக்கப்பட்டது. அவர்களுடைய வேலையின் ஒரு பகுதி இன்று ஓய்வூதியக்காரர்களின் முதுகில் ஏறியிருக்கிறது. பணக்கார நாட்டுக்கு இது பெருமையா என்று கேட்டால், எனக்குச் சந்தேகம்தான்.

கடைசி வேலை குறுக்குவழி ஒன்றை மூடுவது. வளைந்து ஏறப் பொறுமையற்றவர்கள் நேராக ஏறி ஏறிச் சரிவில் தடம் விழுந்திருந்தது. காய்ந்த ஜூனிப்பர் கிளைகளை அதில் பாதி புதைத்து, கல் உருட்டி, மேலே சருகு தூவினோம். அப்படி ஒரு தடம் இருந்ததே தெரியக் கூடாது. நாங்கள் வந்து போனதும் தெரியக் கூடாது என்றார் ஆசிரியை.

டெக்சஸில் இருப்பவர்களுக்கும், பார்க்க வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. மழை பெய்த மறுநாள் பாலோ டூரோவில் நடைபாதைகளை மூடிவைத்திருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஈரக் களிமண்ணில் பதியும் ஒவ்வொரு காலும் அடுத்த மழைக்கு ஒரு வாய்க்கால். திறந்திருக்கும் பாதையில் எங்காவது குட்டை நின்றால் ஓரமாகச் சுற்றிப்போகாமல் நடுவிலேயே இறங்கி நடங்கள். ஷூவைக் கழுவிக்கொள்ளலாம்.