75 வாட்டுக்குள் ஒரு கார்டு

2025 நவம்பர் 6, வியாழன்

அக்கா மகளுக்கு ப்ளெண்டர் என்ற 3டி மென்பொருளைக் கற்றுக்கொள்ள ஆசை. வீட்டில் இருப்பதோ டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010. ஏதோ ஓர் அலுவலகத்தில் உழைத்து ஓய்ந்து, செகண்ட் ஹேண்டாக வந்தது. 2012இல் வெளிவந்த ஐ5-3470 பிராசசர். மென்பொருளை இறக்கி கிளிக் செய்தால் திறக்கவே மறுக்கிறது.

"மாமா, கம்ப்யூட்டர் செத்துப்போச்சா?"

சாகவில்லை. ப்ளெண்டர் 4.0 முதல் ஓபன்ஜிஎல் 4.3 கட்டாயம். பிராசசருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் எச்டி 2500 கிராபிக்ஸ், விண்டோசில் 4.0 வரைதான் போகும். மெதுவாக ஓடினால் பொறுத்துக்கொள்ளலாம். இங்கே வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். புதுசாகவே வாங்கிவிடலாம் என்கிறார் அத்தான். எனக்கு மனசில்லை. நாலு கோர் பிராசசர், கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு இன்னும் தாங்கும். கிராபிக்ஸ் கார்டு ஒன்று போட்டால் போதும்.

நவம்பர் 7, வெள்ளி

இன்று பெட்டியைத் திறந்தேன். எந்தக் கார்டு என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் படிப்பது மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை. 275 வாட். கார்டுக்கான 6 பின் வயர் கிடையாது. ஆக, மதர்போர்டு ஸ்லாட் கொடுக்கும் 75 வாட்டுக்குள் கார்டின் பசி அடங்க வேண்டும். கடையில் கண்ணைப் பறிக்கும் பெட்டிகளில் முக்கால்வாசி இந்த ஒரு வரியிலேயே கழிந்துவிடும்.

நல்லவேளை, இது டவர் மாடல். இதே 7010இன் ஒல்லிப் பெட்டி என்றால் அரை உயரக் கார்டுதான் நுழையும். நீளமான ஸ்லாட் இரண்டு இருக்கின்றன. ஒன்றில்தான் 16 லேனும் (தரவுப் பாதைகள்) உண்டு. மற்றதன் நீளத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, உள்ளே 4 லேன்தான்.

இரவு கணக்குப் பார்த்தேன். ஜிடி 1030க்கு 30 வாட் போதும். ஆனால் அந்த ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் விற்கிறார்கள். ஜிடிடிஆர்5 நினைவகம் உள்ளது நொடிக்கு 48 ஜிபி கடத்தும். டிடிஆர்4 உள்ளது 16.8 தான். பெயரை மாற்றாமல் விற்பதை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆர்எக்ஸ் 6400க்கு 53 வாட். அதற்கு 4 லேன் மட்டுமே என்பதால், இந்த மாதிரிப் பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 ஸ்லாட்டில் வழி பாதியாகக் குறுகிவிடும். 2016இன் 1050 டிஐ மலிவு, 75 வாட். ஆனால் அந்தத் தலைமுறைக்கு வழக்கமான டிரைவர் புதுப்பிப்பை என்விடியா போன மாதத்தோடு நிறுத்திக்கொண்டது, இனி பாதுகாப்புத் திருத்தம் மட்டும். மிஞ்சியது ஜிடிஎக்ஸ் 1650: 75 வாட், 4 ஜிபி, 896 கோர்.

நவம்பர் 8, சனி

சென்னை ரிச்சி தெரு. மழைச் சகதியில் பைக்குகளுக்கு நடுவே நடக்கவே தனித் திறமை வேண்டும். 1650இலும் சில மாடல்கள் 6 பின் கேட்கும், அதனால் பின் இல்லாததாகத் தேடினேன். ஒரு கடையில், "சாட்டா கன்வெர்ட்டர் போட்டு ஓட்டிடலாம் சார்" என்றார்கள். சாட்டா முனை தாங்குவது 54 வாட், 6 பின் இழுக்கக்கூடியது 75. பிளாஸ்டிக் உருகும் வாசனை எனக்கு வேண்டாம்.

பிறகு ஒரு கடையில் கிடைத்தது. அங்கேயே மாட்டச் சொல்லி ஜிபியு-இசட் ஓட்டிப் பார்த்தேன். பழைய கார்டின் பயாசை மாற்றி எழுதிப் புதுப் பெயரில் தள்ளிவிடும் வேலை உலகமெங்கும் நடக்கிறது. இந்தக் கருவி அப்படிப்பட்டதைப் போலி என்றே காட்டிவிடும்.

நவம்பர் 9, ஞாயிறு

மாட்டியதெல்லாம் பத்து நிமிட வேலை. சிக்கல் மானிட்டரில். அது விஜிஏ, இந்தக் கார்டில் விஜிஏ கிடையாது. டிவிஐ இருந்தாலும் டிஜிட்டல் சிக்னல் மட்டுமே வரும் என்பதால் வெறும் பின் மாற்றி உதவாது. எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும், உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர்தான் தேவை. வயரை மதர்போர்டில் விடாமல் கார்டில் செருகச் சொன்னேன். பலர் தவறவிடும் இடம் அது.

ப்ளெண்டர் திறந்தது. அதன் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸில் குடாவைத் தேர்ந்தெடுத்ததும் ரெண்டரிங் பிராசசரை விட்டுக் கார்டுக்குப் போனது. 4 ஜிபிக்குள் அடங்காத காட்சிகளுக்கு இது ஈடுகொடுக்காது என்று அவளிடம் சொல்லிவைத்தேன்.

இதில் ஓடும் விண்டோஸ் 10க்கான ஆதரவு அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இந்தப் பிராசசர் விண்டோஸ் 11 பட்டியலிலும் இல்லை. அடுத்த வாரம் உபுண்டு போடப் போகிறோம். ப்ளெண்டர் அதிலும் இலவசம்தான்.