பழசெல்லாம் பொன்னாகுமா?

சென்ற மாதம் பண்டமாரான் சந்தையில் ஒருவர் ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டை நீட்டினார். “நூறு வெள்ளிதான் வாத்தியாரே! எண்பது வருசத்துப் பொருள்” என்றார். என் கை சட்டைப் பைக்குள் போய்விட்டது.

ஆனால், வயது மட்டுமா விலையைச் சொல்கிறது? 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் வெளியிட்ட 10 வெள்ளி நோட்டு அது. முதலில் வந்தவற்றில் தொடர் எண் இருந்தது. சேகரிப்போர் அதிகம் தேடுவது அவற்றைத்தான். பிறகு எண்ணின்றி எழுத்துகளை மட்டும் போட்டு அச்சடித்துக் குவித்தார்கள். போலிகளும் உண்டு. ஆகவே எண், மடிப்பு, கிழிசல் மூன்றையும் பாருங்கள். இரண்டு கடைகளில் விலை கேளுங்கள். அவர் காட்டியதில் எண் இல்லை; மடிப்பும் நைந்திருந்தது. வேண்டாமென்று வந்துவிட்டேன்.

அதே போன்ற நோட்டு ஒன்று எங்கள் பாட்டியின் பெட்டியில் இருக்கிறது. சயாம் மரண ரயில் பாதைக்குப் போகுமுன் தாத்தா கொடுத்தது. அவர் திரும்பவில்லை. 1945இல் அது செல்லாக் காசான பிறகும் பாட்டி அதை எறியவில்லை.

வாங்கும்போது விற்பவர் கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பெட்டியில் உள்ளதை விற்குமுன், அது யார் கொடுத்ததென்று பெரியவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள்.