உட்கார்ந்த உயரம்

நான்கு ஸ்குவாட்ரன்களுக்கு விண்ணப்பித்தேன். மூன்றில் எடுக்கவில்லை, நான்காவதில் எடுத்தார்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் எல்லோரும் அந்த நான்காவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். போன முறை ஒரு கல்யாண வீட்டில், "அமெரிக்காவுல பட்டாளத்து விமானம் ஓட்டுறா" என்று பெரியம்மா என்னை ஒவ்வொருவரிடமாகக் கூட்டிப்போய்க் காட்டினாள். எனக்கு அடிக்கடி நினைவில் வருவது இரண்டாவது ஸ்குவாட்ரன். அங்கே நான் ஒரு நகைச்சுவைக்குச் சிரித்தேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பாளையங்கோட்டையில் பிறந்தவள் நான். பதின்மூன்று வயதில் அப்பாவின் வேலையோடு அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலம் ஒன்றுக்குப் போனேன். பிறகு குடியுரிமை, இன்ஜினியரிங் படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் அங்கேயே. 2017-ல், இருபத்தெட்டு வயதில், சொந்தச் சம்பளத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டேன். செஸ்னா 172. கால் பெடலை எட்டுவதற்காக முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள அம்மா ஒரு திண்டு தைத்துக் கொடுத்தாள். எதற்கு இந்த வேலை என்று திட்டிக்கொண்டேதான் தைத்தாள்.

அந்தச் சிறிய விமானத் தளத்தில் எனக்குப் பாடம் எடுத்தவர்தான் ஏர் நேஷனல் கார்டு பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் முழுநேர விமானப்படைக்கு வெளியே இரண்டு சேமப்படைகள் இருக்கின்றன. ஒன்று ஏர் ஃபோர்ஸ் ரிசர்வ், இன்னொன்று இந்த கார்டு. கார்டு மாநிலத்துக்கும் உரியது. வெள்ளம், புயல் என்றால் மாநில ஆளுநர் அழைப்பார். போர் என்றால் ஜனாதிபதி அழைப்பார். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, வருடத்தில் பதினைந்து நாள் என்பது காகிதக் கணக்கு. பைலட்டுகள் கை பழகியிருக்க அதைவிட நிறைய நாள் வர வேண்டும். மற்ற நாட்களில் அவர்களுக்கு வேறு வேலை இருக்கும். பயணிகள் விமானம் ஓட்டுவார்கள், பள்ளியில் பாடம் எடுப்பார்கள், விவசாயம் பார்ப்பார்கள்.

முழுநேரப் படையில் சேர்ந்தால் எந்த விமானம், எந்த ஊர் என்பதைப் படை சொல்லும். கார்டில் அந்தந்த ஸ்குவாட்ரனே ஆளைப் பார்த்து, பேசி, எடுத்து, பயிற்சிக்கு அனுப்பித் திரும்ப வாங்கிக்கொள்கிறது. எடுத்த ஆளோடு அடுத்த இருபது வருடம் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். அதனால் மதிப்பெண் மட்டும் போதாது. வார இறுதிகளில் நாமே போய் அவர்களைச் சந்திக்க வேண்டும். ஸ்குவாட்ரனுக்குள்ளேயே இருக்கும் மதுக்கூடத்தில் அவர்களோடு நின்று பேச வேண்டும். கையில் டோனட்டோ பீரோ கொண்டுபோவது வழக்கம்.

அம்மாவிடம் விவரித்தபோது அவள் சொன்னாள்: "ஏட்டி, இது பொண்ணு பாக்க வர்ற மாதிரில்லா இருக்கு. என்ன, இங்க நீயே அவங்க வீட்டுக்குப் போய் நிக்கணும்."

அளவெடுப்பதும் அப்படித்தான் இருந்தது. அதிகாரிகளுக்கான எழுத்துத் தேர்வு ஒன்று. திரையைப் பார்த்துக்கொண்டு கையால் ஒரு விசையையும் காலால் பெடலையும் இயக்கும் தேர்வு ஒன்று. இவற்றோடு பறந்த மணி நேரத்தையும் சேர்த்து 1 முதல் 99 வரை ஒரு எண் கொடுப்பார்கள். எனக்கு நல்ல எண்தான் வந்தது. பயிற்சி தொடங்குவதற்கு ஒரு வயது வரம்பும் உண்டு. பிறகு உயரம். அன்றைய விதிப்படி குறைந்தது ஐந்தடி நான்கு அங்குலம் வேண்டும். நான் ஐந்தடி இரண்டு.

விதிவிலக்கு கேட்கலாம், பலருக்குக் கிடைத்தும் இருக்கிறது. ஆனால் அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முதல் ஸ்குவாட்ரன் நேரில் வரச் சொல்லாமலே மிகுந்த மரியாதையோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. விலக்கு தேவைப்படாத விண்ணப்பதாரர்கள் போதுமான அளவு இருக்கிறார்களாம்.

இரண்டாவது ஸ்குவாட்ரன் நேரில் வரச் சொன்னது. 2019, ஒரு சனிக்கிழமை. அவர்களிடம் இருந்தவை கேசி-135 டேங்கர்கள், வானத்திலேயே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் கொடுப்பவை. ஹேங்கரைச் சுற்றிக் காட்டினார்கள். விமானத்தின் வால் பக்கம் குப்புறப் படுத்துக்கொண்டு எரிபொருள் குழாயை இயக்கும் இடத்தில் என்னைப் படுத்துப் பார்க்கச் சொன்னார்கள். அந்தச் சின்ன ஜன்னல் வழியே தரையைப் பார்த்தபோதே இந்த வேலைதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

மாலையில் மதுக்கூடம். எனக்குக் குடிக்கும் பழக்கம் இல்லை. ஒரு பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். சுவரில் ஸ்குவாட்ரன் புகைப்படம் மாட்டியிருந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்கள், ஓரத்தில் ஒரே ஒரு பெண். அவர் இன்று வரவில்லையா என்று கேட்டேன். குழந்தை பிறந்து சில வாரங்கள்தான் ஆகிறது, விடுப்பில் இருக்கிறார் என்றார் ஒருவர். பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: "அவள் இப்போதும் டேங்கர்தான். வீட்டில் எரிபொருள் நிரப்பிக்கொண்டிருக்கிறாள்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன். அந்தச் சத்தம் எனக்கே கேட்டது.

கிளம்பும்போது கார் வரை கூட வந்த ஒருவர், நேர்காணல் அறையில் கேட்கக் கூடாத கேள்வியை இருட்டில் சாதாரணமாகக் கேட்டார்: குழந்தை குட்டி யோசனை ஏதும் உண்டா? "எனக்கு விமானம் போதும்" என்றேன். அந்த மாதம்தான் நானும் கணவரும் மருத்துவரைப் பார்க்கத் தேதி வாங்கியிருந்தோம். வீட்டுக்கு வந்து அந்தத் தேதியை ரத்து செய்தேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

நேர்காணல் முடிந்து ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. எடுக்கப்பட்டவர்கள் யாராவது விலகினால் அழைப்போம் என்று எழுதியிருந்தார்கள். யாரும் விலகவில்லை. சில வாரம் கழித்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது. அந்தப் புகைப்படத்தில் இருந்த பெண் அனுப்பியது. விடுப்பில் இருந்தாலும் விண்ணப்பங்களை வீட்டிலிருந்தே படித்தாராம். உயரத்தைக் காரணம் காட்டி என் பெயரை ஒதுக்கப் பார்த்தபோது, நேர்காணலுக்கு அழைக்கத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தது அவர்தானாம். "அடுத்த இடத்தில் உன் உயரத்தைப் பற்றி அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதே. நீயே முதலில் பேசிவிடு" என்று எழுதியிருந்தார்.

என் சிரிப்பு அவர் காதுக்குப் போயிருக்குமா என்பது எனக்குத் தெரியாது. நன்றி என்று இரண்டு வரி எழுதி அனுப்பினேன். மற்றதை எழுதவில்லை.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "கல்யாணமான புதுசுல உங்க ஆச்சி வீட்டுல எங்க அம்மையக் கிண்டல் பண்ணுவாங்க. நானும் கூடச் சேந்து சிரிப்பேன். அப்பத்தான சோறு எறங்கும்."

மூன்றாவது ஸ்குவாட்ரனும் எடுக்கவில்லை. அதற்குள் 2020 மே மாதம் விமானப்படை அந்த உயர விதியை நீக்கியது. 20 முதல் 29 வயதுள்ள அமெரிக்கப் பெண்களில் சுமார் 44 சதவீதம் பேர், விலக்கு கேட்காவிட்டால், அந்த ஒரு விதியாலேயே தகுதி இழந்தார்கள் என்று விமானப்படையே சொன்னது. அதே வருடம் ஆகஸ்டில் இன்னொரு உத்தரவு வந்தது. காக்பிட் வடிவமைப்புக்கு அதுவரை 1967-ல் எடுத்த ஆண் பைலட்டுகளின் உடல் அளவுகளே அடிப்படை. இனி வாங்கும் விமானங்களுக்கு அது கூடாது என்றது உத்தரவு. எனக்கு ஒரு மின்னஞ்சலில் கிடைத்த மறுப்புக்குப் பின்னால், நான் பிறப்பதற்கு இருபத்திரண்டு வருடம் முன்பு எடுத்த அளவு நாடா ஒன்று இருந்திருக்கிறது.

எனக்கு முன்னால் போனவர்களின் கதை இதைவிடக் கடுமையானது. இரண்டாம் உலகப் போரில் வாஸ்ப் என்ற அமைப்பில் ஆயிரத்துக்கும் அதிகமான பெண்கள் படை விமானங்களை ஓட்டினார்கள். 38 பேர் இறந்தார்கள். அவர்களுக்கு ராணுவ மரியாதை இல்லை. உடலை ஊருக்கு அனுப்பக் கூட வேலை பார்த்த பெண்களே பணம் சேர்த்தார்கள். 1944-ல் அமைப்பைக் கலைத்தார்கள். முன்னாள் படையினர் என்ற அந்தஸ்து 1977-ல்தான் கிடைத்தது. போர் விமானங்களைப் பெண்கள் ஓட்டலாம் என்று 1993-ல் அனுமதித்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று, கடத்தப்பட்ட நான்காவது விமானத்தைத் தடுக்க வாஷிங்டனுக்கு அருகிலிருந்து கிளம்பியவர்களில் ஒருவர் ஹெதர் பென்னி. கார்டு பைலட், லெப்டினன்ட். அவருடைய எஃப்-16-ல் ஏவுகணை இல்லை. மோதித்தான் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தே ஏறினார். அதற்கு முன்பே பயணிகள் போராடி, அந்த விமானம் பென்சில்வேனியாவில் விழுந்துவிட்டது. சாகும் வேலைக்குப் பெண்ணை நம்ப இவர்கள் அவ்வளவு தயங்கியதில்லை. இருபது வருடம் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொள்ளத்தான் யோசிக்கிறார்கள்.

நான்காவது ஸ்குவாட்ரன், 2021. இதுவும் டேங்கர் ஸ்குவாட்ரன்தான். அறைக்குள் போனதும் என் உயரத்தை நானே சொன்னேன். ஒருவர் சிரித்தபடி, எங்கள் விமானத்தில் இருக்கை முன்னால் நகரும் என்றார். பிறகு அந்தக் கேள்வி வந்தது: நீங்கள் பெருமைப்படாத ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அந்தச் சிரிப்பு. நான் சொன்னதோ, செஸ்னாவில் ஒருமுறை எரிபொருள் கணக்கைத் தப்பாகப் போட்டு, பாதி வழியில் இறங்கி நிரப்பிக்கொண்ட கதை. அதுவும் உண்மைதான். பயிற்சி செய்து வைத்திருந்த உண்மை. தலையசைத்தார்கள். இரண்டு வாரத்தில் போன் வந்தது. அந்தக் கேள்விக்குச் சரியான பதிலை இப்போதுதான் எழுதுகிறேன்.

மருத்துவப் பரிசோதனைக்கு ஒஹையோவில் ரைட்-பேட்டர்சன் தளத்துக்கு அனுப்பினார்கள். அங்கே உட்காரவைத்து அளந்தார்கள். உட்கார்ந்த நிலையில் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இடுப்புக்குப் பின்னாலிருந்து முழங்கால் வரை எவ்வளவு, விரித்த கை எவ்வளவு. என் குறைச்சல் முழுக்கக் காலில்தான் இருந்தது. உட்கார்ந்த உயரத்தில் நான் பலருக்குச் சமம். இருக்கை கொடுத்துப் பார்த்திருந்தால் முதல் ஸ்குவாட்ரனுக்கும் அது தெரிந்திருக்கும்.

அலபாமாவில் அதிகாரிப் பயிற்சி, ஏறக்குறைய ஒரு வருட விமானப் பயிற்சி, பிறகு டேங்கருக்காக ஓக்லஹோமாவில் ஆல்டஸ் தளம். பயிற்சி விமானமான டி-6-ல், ஆபத்தில் பைலட்டை வெளியே வீசும் இருக்கை உண்டு. அதில் நம் வீட்டுத் திண்டை வைக்க முடியாது. அம்மாவின் திண்டு கார் சீட்டுக்குப் போனது. இன்று நான் ஓட்டும் கேசி-135 அறுபதுகளின் தொடக்கத்தில் கட்டியது. அம்மாவுக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது.

சென்னையில் இருக்கும் தோழி ஒருத்தி கேட்டாள்: "நீ எரிபொருள் ஊத்துற விமானம் அடுத்து எங்க போய் குண்டு போடும்னு உனக்குத் தெரியுமா? பொம்பளை ஊத்தினா அந்த எண்ணெய் நல்ல எண்ணெய் ஆயிடுமா?" ஆகாது. எங்கே போகும் என்பது எல்லா நேரமும் எனக்குத் தெரிவதும் இல்லை. ஒரு பெண் உள்ளே போவதால் படை மாறிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். உள்ளே இடம் பிடிக்க எதற்கெல்லாம் சிரிக்கப் பழகுகிறோம், அந்தப் பழக்கம் பிறகு எதுவரை போகும் என்பதுதான் என் பயம். அவள் கேட்டதும் அதைத்தான் என்று நினைக்கிறேன்.

இந்த வருடம் ஆள் எடுக்கும் குழுவில் என்னையும் போட்டார்கள். விண்ணப்பித்தவர்களில் ஒரு இளம்பெண். மதிப்பெண் நன்றாக இருந்தது, பறந்த நேரமும் இருந்தது. ஆனால் முந்தைய நாள் மாலை மதுக்கூடத்தில் எதற்கும் சிரிக்காமல் நின்றிருக்கிறாள். "கொஞ்சம் இறுக்கமான ஆள். எட்டு மணி நேரம் இவளோடு காக்பிட்டில் உட்கார முடியுமா?" என்றார் ஒருவர். வெட்கத்தோடு சொல்கிறேன், அந்தக் கணம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு நிமிடம் கழித்துத்தான், நேற்று என்ன நகைச்சுவை சொன்னீர்கள் என்று கேட்டேன். யாருக்கும் சரியாக நினைவில்லை. நேர்காணலில் அவள் சொன்ன பதில்களைத் திரும்ப எடுத்துப் படித்தோம். அவளை எடுத்தோம். அன்று நான் விடுப்பில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு யோசித்தேன்.

இப்போது எனக்கு ஐந்தாம் மாதம். பறக்கும் பட்டியலில் என் பெயர் இல்லை. மதுக்கூடத்தில் யாராவது அந்தப் பழைய நகைச்சுவையைச் சொல்லலாம். கையில் பாட்டிலோடு நிற்கும் யாரோ ஒருத்தி சிரிக்கவும் செய்யலாம். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அடுத்த முறை வரும் விண்ணப்பங்களை வீட்டிலிருந்தே படிப்பேன் என்று குழுவிடம் சொல்லியிருக்கிறேன்.