வெளுத்துப்போன திருவாதிரை

புனே நகருக்கு வந்து பதினெட்டு ஆண்டுகளாகியும், ஊரில் பார்த்தபடியே இங்கும் எனக்குக் கிடைப்பது இரவு வானம் ஒன்றுதான். சென்ற தை மாதம் எங்கள் மொட்டை மாடியிலிருந்து ஓரியன் விண்மீன் குழுவைப் படம் பிடித்தேன். ஊரிலிருந்து வந்திருந்த அன்னையார் கம்பளியைப் போர்த்துக்கொண்டு உடன் அமர்ந்திருந்தார்.

என் காமிராவுக்கு நிறம் தெரியாது. ஒளியின் அளவு மட்டுமே தெரியும். ஆகவே சிவப்பு, பச்சை, நீலம் என்னும் வடிகட்டிகளை ஒவ்வொன்றாக மாட்டித் தனித்தனியே படமெடுத்து, பின்னர் கணிப்பொறியில் ஒன்றுசேர்க்க வேண்டும். மங்கிய ஒளியைத் தூக்கிக் காட்டுவதற்கு, அடுத்தடுத்துள்ள நான்கு பிக்சல்களை ஒன்றாகக் கூட்டுவதும் உண்டு. அப்போது ஒளி நான்கு மடங்காகும். இரைச்சலோ இரு மடங்குதான். நுணுக்கம் சற்றுக் குறையும். ஆனால் நம் கண் நுணுக்கத்தை வெளிச்சத்தில்தான் தேடுகிறது, நிறத்தில் அவ்வளவாகத் தேடுவதில்லை. வடிகட்டியின்றி எடுத்த தெளிவான படமொன்றை மேலே இணைத்துவிட்டால் குறை தோன்றாது.

மூன்று இரவுகள் உழைத்த படத்தைப் பெருமையோடு காட்டினேன். அன்னையார் நெடுநேரம் பார்த்தார்.

"எல்லாம் அழகுதான். திருவாதிரை எங்கேயப்பா?"

சுட்டிக் காட்டினேன்.

"இதுவா? அது சிவப்பல்லவா! கண்ணாடி போடாமலே எனக்குத் தெரிகிறதே. நீ வெள்ளையாக்கி வைத்திருக்கிறாய்!"

நான் வாயடைத்துப் போனேன். மேலைநாட்டார் பீட்டல்ஜூஸ் என்று கூறும் அந்த நட்சத்திரத்தின் செம்மை வெறுங்கண்ணுக்கே புலப்படுவது. என் கோப்பில் ஒரு பிக்சல் கொள்ளக்கூடிய மிகப் பெரிய எண் 65,535. நான்கையும் கூட்டியதில், மூன்று நிறப் படங்களிலும் திருவாதிரை அந்த எல்லையை முட்டி நின்றுவிட்டது. மூன்றும் ஒருசேர நிரம்பினால் வெள்ளைதானே வரும்? மங்கலானதை மீட்கும் ஆவலில், பளிச்சென்று இருந்ததைக் கெடுத்திருந்தேன்.

நிரம்பிவிட்ட எண்ணிலிருந்து நிறத்தைத் திரும்பப் பெற வழியில்லை. தூரிகையால் ஒரு துளிச் சிவப்பைத் தொட்டு வைத்தால் யார் அறியப் போகிறார்கள்? அன்னையார் புறப்பட நான்கு நாட்களே இருந்தன. அந்த எண்ணம் எனக்கு எழாமலில்லை. இரண்டு இரவுகள் மேகம் மூடியிருந்தபோது வலுக்கவும் செய்தது.

மூன்றாம் இரவு வானம் திறந்தது. ஒவ்வொரு வடிகட்டிக்கும் ஒரு வினாடி வீதம் பல படங்கள் எடுத்தேன். இம்முறை பிக்சல்களைக் கூட்டாமல் சராசரி கண்டு, அந்த நட்சத்திரத்தின் இடத்தில் மட்டும் பழைய படத்தோடு இணைத்தேன்.

ரயில் நிலையத்தில் கைப்பேசியை நீட்டினேன். அன்னையார் உற்று நோக்கினார்.

"இதுதான் திருவாதிரை" என்றார். பிறகு, தண்ணீர்க் கூஜாவை எடுத்து வைத்தேனா என்று கேட்டார்.